சிகரட் வெல ஏற ஏற கள்ள சிகரட் தான் ஓடுது, சின்னக் கடக்காரன் என்னா செய்றது?

மஸ்கெலியா_கடக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல லயத்துக்கு (தொழிலாளிங்க இருக்கிற வீட்டு வரிசைக்கு) கீழ ரோட்டோரமா சின்னக் கட ஒண்ணு வச்சிருக்கேன், அப்பா காலத்துலருந்து இருக்கிற கட. பாண், சீனி, மண்ணெண்ண, ரீலோட், வெத்தில, சிகரட்டு எல்லாம் இருக்கு. காலைல பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்கிறதுக்கு) முன்ன ஆம்பளைங்க வந்து ஒரு பிளேன்டி ஒரு சிகரட்டுன்னு நிப்பாங்க, கயித்துல கட்டி தொங்கவிட்ட லைட்டர்ல பத்தவச்சிட்டு போவாங்க. எங்க பக்கம் யாரும் பெட்டியா வாங்குறதில்ல, எல்லாம் ஒண்ணு ஒண்ணா தான்.

2016ல உற்பத்தி வரிய ஏத்தி வற் வரியையும் போட்டு 35 ரூபா சிகரட்ட 50 ஆக்குனாங்களே, அப்ப ஆரம்பிச்சது இது. அதுக்கு பொறகு வெல ஏறாத வருஷத்த தேடிப் பாக்கணும், இப்ப ஒண்ணு நூறு ரூபாய தாண்டி எங்கயோ போயிருச்சி. சரி வெல கூடுனா குடிக்கிறத விட்டுருவாங்கன்னு பாத்தா எவனும் விடல. பைக்ல மழக்கோட்டு போட்ட ஒரு ஆள் வர்றான், கோட்டுக்குள்ள பேக்கு, அதுக்குள்ள வெளிநாட்டு பெட்டி. நம்ம நாட்டு பெட்டில முக்காவாசிக்கு மேல புண்ணு வச்ச வாய், அழுகுன நுரையீரல்னு படம் இருக்கும்ல, இதுல ஒண்ணும் கெடையாது, சிங்களமும் இல்ல தமிழும் இல்ல, வழுவழுன்னு தங்கக் கலர்ல பேரு மட்டும். வெல பாதி. எனக்கும் குடுக்க வந்தான், நான் வேணாம்னு சொல்லிட்டேன், ஆனா மேல் டிவிசன்ல இருக்கிற கடக்காரன் எடுத்துட்டான். இப்ப என் ஆளுங்க அங்க போறாங்க, சிகரட்டுக்கு போனவன் சீனியையும் அங்கயே வாங்கிட்டு வாறான், என் கடன் கொப்பில மட்டும் பழைய பாக்கி நிக்குது. நேர்மையா வித்தா தண்டனையா? மத்தவங்க பக்கம் எப்பிடின்னு சொல்லுங்க.

டிக்கோயா_பொடியன்:
அண்ணே சிகரட்ட நிப்பாட்டுங்க, பிரச்சின முடிஞ்சிச்சி 😄 கொஞ்ச வருஷத்துக்கு முன்ன பி.எச்.ஐ மார், அதான் சுகாதாரப் பரிசோதகர்மார், பேசி பல டவுன்ல கடக்காரங்களே சேந்து சிகரட் விக்கிறத விட்டாங்க தானே

மஸ்கெலியா_கடக்காரன்:
டவுன்ல எல்லாரும் ஒண்ணா சேந்து விட்டாங்க தம்பி. இங்க நான் ஒருத்தன் விட்டா மேல இருக்கிறவன் கோயில் கட்டி கும்புடுவான் எனக்கு.

ஹட்டன்_மாஸ்டர்:
ஐயா சொல்ற கஷ்டம் புரியுது, ஆனா வரி மேல பழிய போடுறதுக்கு முன்ன வரி எப்பிடி வேல செய்யுதுன்னு பாக்கணும். நம்ம நாட்டுல சிகரட்டுக்கு உற்பத்தி வரி நீளத்த வச்சி தான், 60 மில்லிமீட்டருக்கு கீழ ஒரு கணக்கு, 84க்கு கிட்ட வரவர வேற கணக்கு, அதுக்கு மேல வற், அதையும் 2024 ஜனவரில 15லருந்து 18 வீதம் ஆக்கிட்டாங்க. 2023 மார்ச்ல ஐ.எம்.எஃப் கிட்ட 3 பில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்ட நாடு, வருமானம் வேணும், சிகரட்லயும் சாராயத்துலயும் கை வைக்காம எங்க வைக்கும், அரிசிலயா? ஆனா வெல கூடுனா பாவன கொறையும்ங்கிறது உலகம் பூரா பாத்த விசயம், அதுலயும் கொறையிறது சின்னப் பொடியங்க கிட்டயும் கையில காசு இல்லாதவங்க கிட்டயும் தான். உங்க கடைக்கு காலைல வர்ற பழைய ஆளுங்க விடமாட்டாங்க, உண்மை, ஆனா பழகவே ஆரம்பிக்காத பொடியன் உங்க கண்ணுல படமாட்டான், அவன் கடைக்கே வரலையே.

இன்னொண்ணு, எல்லாமே ஏறிச்சி. 2022 செப்டம்பர்ல பணவீக்கம் 70 வீதத்த தொட்டுச்சி, பாண் ஏறிச்சி, பஸ் ஏறிச்சி. சிகரட் மட்டும் ஏறுன மாதிரி பேசக்கூடாது.

மஸ்கெலியா_கடக்காரன்:
மாஸ்டர், பாண் வெல ஏறுனா கள்ளப் பாண் வராது. அதான் வித்தியாசம்.

நானுஓயா_ரவி:
ஹஹா கடக்காரர் பாயிண்ட்

ஒரு_தாதி:
நான் யாழ்ப்பாணம், இப்ப நுவரெலியா மாவட்டத்தில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. ஒண்டு கேக்கிறன், இந்த "வரி கூடினா கள்ளச் சிகரட் கூடும்" எண்ட கதைய முதல்ல ஆர் சொல்லுகினம் எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களா? ஒவ்வொரு பட்ஜட்டுக்கும் முன்னால பேப்பரில வரும், கள்ளச் சிகரட்டால அரசாங்கத்துக்கு இவ்வளவு நட்டம் எண்டு. நாட்டில சட்டப்படி சிகரட் செய்யிறது ஒரே ஒரு கொம்பனி தான், இலங்கை புகையிலைக் கம்பனி, அதில 80 வீதத்துக்கு மேல பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கையில. வரி கூடாமல் இருந்தா ஆருக்கு லாபம் எண்டு சொல்லத் தேவையில்லை. கனடாவில 2008இல என்ன நடந்தது எண்டு தேடிப் பாருங்கோ, இதே குடும்பத்து இம்பீரியல் டொபாக்கோவும் இன்னொரு கொம்பனியும் 90களில கள்ளச் சந்தைக்குப் போற எண்டு தெரிஞ்சே சரக்கு அனுப்பின வழக்கில குற்றத்தை ஒப்புக்கொண்டு ரெண்டும் சேந்து 1 பில்லியன் கனேடிய டொலருக்கு மேல கட்ட ஒத்துக்கொண்டவை. அப்ப கள்ளச் சிகரட்டைப் பற்றி அவை அழுறதை நான் கொஞ்சம் தள்ளி நிண்டு தான் பாப்பன்.

எங்கட வாட்டுக்கு வாற ஆக்களைப் பாத்தா வெத்திலையோட புகையிலை போட்டுப் போட்டு கன்னம் உள்ளுக்கு வெள்ளையாப் போய், வாயை ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்க ஏலாமல் வாற அம்மாமார் எத்தனை பேர். நாட்டில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில முதலிடம் வாய்ப் புற்றுநோய். பொம்பிளையளுக்கு அப்பிடி இல்லை, ஆனா தோட்டத்தில அவையும் விதிவிலக்கில்லை.

மஸ்கெலியா_கடக்காரன்:
தாதியம்மா கம்பனி பொய் சொல்லுதோ என்னமோ, ஆனா மழக்கோட்டு போட்டவன் பொய் இல்ல, அவன நான் கண்ணால பாக்குறேன். கம்பனி சொல்றதாலேயே ஒரு விசயம் பொய்யாகிருமா?

ஒரு_தாதி:
பொய் எண்டு சொல்லேல்ல. எவ்வளவு எண்ட கணக்கில தான் எனக்குச் சந்தேகம்.

மெல்பன்_மலையகத்தான்:
நான் பொறந்தது தலவாக்கல, இப்ப மெல்பன்ல டெக்சி ஓட்டுறேன். இழைய பாத்து சும்மா போக முடியல. இங்க நெலமைய கேளுங்க. 2013லருந்து 2020 வரைக்கும் வருஷா வருஷம் பன்னண்டரை வீதம் கூட்டுனாங்க, பொறகும் விடல, இப்ப 20 சிகரட் பெட்டி ஒண்ணு 40 டாலருக்கு மேல. தெருவுக்கு தெரு ஒரு மிட்டாய் கட மாதிரி தொறந்திருக்கும், உள்ள போனா 15 டாலருக்கு கள்ளப் பெட்டி, மேசைக்கு கீழ இல்ல, கேட்டா எடுத்து குடுப்பான். 2019-20ல 16 பில்லியன் டாலருக்கு மேல வந்த சிகரட் வரி 2024-25ல ஏழு ஏழர பில்லியனா எறங்கிருச்சி, அவ்வளவு பேரும் சிகரட்ட விட்டுட்டாங்கன்னு யாரும் நம்பல. கேங்குகளுக்குள்ள சண்ட, 2023லருந்து ராத்திரில கடைங்கள பெட்ரோல் ஊத்தி கொளுத்துறது, நூத்துக்கு மேல நடந்திருச்சி. நான் நைட் டெக்சி, எரிஞ்ச கட எத்தனைய தாண்டி போயிருக்கேன்.

இன்னொரு கூத்து, இங்க அதிகமா ஓடுற கள்ளப் பெட்டி பேரு மன்செஸ்டர், துபாய் பக்கத்து சரக்கு. அந்த பேர நம்ம கட்டுநாயக்க ஏர்போட் செய்திலயும் பாத்திருக்கேன். ஒரே ஃபேக்டரி எங்கயோ ஒக்காந்து மெல்பனுக்கும் மஸ்கெலியாவுக்கும் சப்ளை பண்ணுது போல.

ஹட்டன்_மாஸ்டர்:
மெல்பன் தம்பிக்கு ஒரு கேள்வி. அங்க சிகரட் விக்க லைசன்ஸ் வேணுமா?

மெல்பன்_மலையகத்தான்:
அங்க தான் இருக்கு விசயமே, எங்க விக்டோரியா மாநிலத்துல கொஞ்ச காலம் முன்ன வரைக்கும் லைசன்சே இல்ல. மீன் பிடிக்க லைசன்ஸ் வேணும் சிகரட் விக்க வேணாம். 2025ல தான் லைசன்ஸ் முறை அமுலுக்கு வந்திச்சி. எல்லாம் எரிஞ்ச பொறகு.

ஹட்டன்_மாஸ்டர்:
அதத்தான் சொல்ல வந்தேன். அப்ப அது வரியால மட்டும் வந்த நெருப்பு இல்ல.

சிங்கப்பூர்_ரிட்டன்:
நான் லிந்துல, சிங்கப்பூர்ல கட்டட வேல செஞ்சிட்டு வந்தவன். அங்கயும் சிகரட் யான வெல தான், ஆனா மெல்பன் மாதிரி கட எரியிறதில்ல. ஏன்னு சொல்றேன், அங்க வரி கட்டுன சிகரட்னா பெட்டில மட்டும் இல்ல ஒவ்வொரு சிகரட் மேலயும் அடையாளம் அச்சடிச்சிருக்கும், 2009லருந்து, எஸ்.டி.பி.சின்னு எழுத்து, பொறகு கோடு கோடா. வாயில வச்சிருக்கிற சிகரட்ட புடுங்கி பாத்தா தெரிஞ்சிரும். இல்லாத சிகரட்டோட மாட்டுனா பெட்டிக்கு 500 டாலர்லருந்து ஃபைன், விக்கிறவனுக்கு மட்டும் இல்ல, வாங்குனவனுக்கும். எங்க டோர்மிட்டரிக்குள்ளயே வந்து சோதிப்பாங்க. கூட இருந்த ஒரு பொடியன் ஒரு பெட்டிக்காக மாசச் சம்பளத்துல பெரிய பங்க கட்டுனான், அன்னையோட அந்த மாடில கள்ள சிகரட் நின்னிருச்சி.

மஸ்கெலியா_கடக்காரன்:
இது தான் சரியான பேச்சு. பாருங்க இங்க எல்லா படமும் எழுத்தும் பெட்டில தான். ஆனா எங்க ஆளுங்க பெட்டியவே பாக்குறதில்ல, நான் உருவி கைல குடுக்குறேன், அவன் வாயில வைக்கிறான். மேல் கடக்காரன் என்னா செய்றான் தெரியுமா, நம்ம நாட்டு பழைய காலிப் பெட்டிய வச்சிருக்கான், அதுக்குள்ள வெளிநாட்டு சிகரட்ட அடுக்கி வச்சிருக்கான். யாராவது செக் பண்ண வந்தா பெட்டி சரியா இருக்கு, படம் இருக்கு, எல்லாம் இருக்கு. உள்ள இருக்கிறத யாரு உருவிப் பாக்குறா? ஃபில்டருக்கு மேல சுத்துன தாள உத்துப் பாத்தா தான் பேரு தெரியும், அதுவும் பனிக் காலைல அஞ்சரை மணிக்கு லயத்து லைட் வெளிச்சத்துல யாரு உத்துப் பாப்பா.

நானுஓயா_ரவி:
அட இது புதுசா இருக்கே. அப்ப சில்லறையா விக்கிறத தடை பண்ணுனா?

மஸ்கெலியா_கடக்காரன்:
பெட்டியா தான் விக்கணும்னா எங்க ஆளுங்களால ஒரு நாளும் வாங்க ஏலாது. 2024ல தான் நாள் சம்பளத்த 1350 ஆக்குனாங்க, அந்த மாதிரி சம்பளத்துல ரெண்டு சிகரட் வாங்குனாலே எவ்வளவு போகுதுன்னு பாருங்க, பெட்டின்னா ஒரு நாள் சம்பளமே பத்தாது. நல்லது தானேன்னு மாஸ்டர் சொல்வாரு. ஆனா மேல் கடக்காரன் அப்பவும் ஒண்ணு ஒண்ணா தான் விப்பான், அவன் சரக்கே சட்டத்துல இல்லாதது, சில்லறை சட்டம் அவன என்னா செய்யும்.

பண்டாரவளை_அக்கா:
இவ்வளவு நேரமா ஆம்பளைங்க பேசுறத வாசிச்சேன். வரி, பில்லியன், சிங்கப்பூர் எல்லாம் சரி. எங்க வீட்டுக் கதை இது. எங்க வீட்டுக்காரர் முன்ன ஒரு நாளைக்கு அஞ்சு சிகரட். வெல ஏறுனதும் மூணு, பொறகு ரெண்டு, சந்தோசப்பட்டேன். பாத்தா சிகரட்ட கொறச்சிட்டு பீடிக்கு மாறியிருக்காரு, பீடி ஒரு கட்டு, அதுக்கு கணக்கே இல்ல. சட்டைலயும் கம்பளிலயும் நாத்தம், சின்னவளுக்கு இழுப்பு, லயத்து காம்பரால ஜன்னல தொறந்தா பனி, மூடுனா பொக. நீங்க சட்டப்படி வித்தாலும் கள்ளமா வித்தாலும் எனக்கு வர்ற பொக ஒண்ணுதாங்க.

வரி போடுறாங்களே, அந்த காசுல ஒரு ரூபாயாவது தோட்டத்து ஆளுங்களுக்கு சிகரட்ட விடுறதுக்கு உதவி செய்ய வருதா? எங்க டிஸ்பென்சரில பனடோல் தவிர வேற கேட்டா சிரிக்கிறாங்க.

ஒரு_தாதி:
அக்கா சொல்லுறது முழுக்கச் சரி. பீடிக்கு வரி ஒண்டுக்கு ரெண்டு மூண்டு ரூபா கணக்கில தான், சிகரட்டுக்குப் பக்கத்தில அது ஒண்டும் இல்லை. சிகரட்டை மட்டும் ஏத்திப்போட்டு பீடியை கீழ விட்டா ஆக்கள் படி இறங்கித்தான் போவினம்.

கல்பிட்டி_மாமா:
நா பதுளைல பொறந்து கல்பிட்டில யாவாரம். பீடி கதைக்கு வந்தீங்க அதனால சொல்றேன், பீடி சுத்துற இலை நம்ம நாட்டுல இல்ல, இந்தியாவுலருந்து தான் வரணும், சட்டப்படி கொண்டாந்தா வரி. அதனால ராத்திரில தூத்துக்குடி பக்கத்துலருந்து போட்ல ஏத்தி நடுக்கடல்ல இந்தப் பக்கத்து போட்டுக்கு மாத்தி, கல்பிட்டி, மன்னார் கரைல எறக்குறது. நேவி புடிச்சா சாக்கு சாக்கா படம் போடுவாங்க, கடல்ல வீசிட்டு ஓடிருவாங்க, மறுநாள் கரைல இலை மூட்ட ஒதுங்கும். சிகரட்ட விட இது ரொம்ப பழைய யாவாரம். நீங்க எல்லாம் சிகரட்டையே பேசிட்டு இருக்கீங்க.

டிக்கோயா_பொடியன்:
சாராய வெல ஏறுனப்ப கசிப்பு, அதான் கள்ளச் சாராயம், ஏறுன மாதிரி தான் இதுவும். வரி போட்டா கள்ளம் வரும், இயற்கை

ஹட்டன்_மாஸ்டர்:
தம்பி கசிப்புக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கசிப்ப ஆத்தோரத்துல பீப்பா வச்சி காச்சலாம், தோட்டத்துக்கு தோட்டம் காச்சலாம், பொலிஸ் ஒண்ண ஒடச்சா பக்கத்து காட்டுல இன்னொண்ணு. வெளிநாட்டு சிகரட்ட காட்டுல காச்ச ஏலாது. ஏதோ ஒரு வாசல் வழியா தான் வந்தாகணும், ஹார்பர், ஏர்போட், இல்லன்னா கடக்கர. வாசல் எண்ணிப் பாத்துரலாம். அங்க விட்டுட்டு மஸ்கெலியால ஒரு கடைல வந்து பெட்டி பாக்குறதுல என்னா இருக்கு? கள்ளப் புகையிலை யாவாரத்த ஒழிக்கன்னே உலக சுகாதார அமைப்போட ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, 2018ல அமுலுக்கு வந்திச்சி, நம்ம நாடும் அதுல சேந்திருக்கு. பெட்டி எந்த ஃபேக்டரிலருந்து கெளம்பி எங்க போகுதுன்னு தடம் பாக்குற முறை வைக்கணும்னு அதுல இருக்கு. கையெழுத்து போட்டா மட்டும் போதுமா.

குவைத்_வேலு:
ஏர்போட் கதை நான் சொல்றேன். ஊருக்கு வரும்போது கார்கோ ரூம்ல ஒருத்தன் வந்து அண்ணே இந்த ரெண்டு பார்சல மட்டும் பேக்ல போட்டுக்க, வெளிய ஒருத்தன் வாங்கிக்குவான், காசு தர்றேன்னு கேப்பான். கஷ்டப்பட்டவன் வாங்கிப் போட்டுக்குவான், சுங்கத்துல மாட்டுனா பேப்பர்ல வர்றது இவன் படம் தான். ஆனா பேக்ல வர்றது எவ்வளவு வந்துரும், கன்டெய்னர்ல வர்றது தான் மலையா வருது, சாமான் பேர மாத்தி போட்டு. அது சின்ன ஆள் செய்ற வேல இல்ல.

நானுஓயா_ரவி:
மாஸ்டர், அப்ப வரிய கொறைக்கணுமா கூடாதா? நேரா சொல்லுங்க

ஹட்டன்_மாஸ்டர்:
கொறைக்கக் கூடாது. கொறச்சாலும் துபாய் பெட்டி வெலைக்கு நம்ம பெட்டி எறங்காது, அது வரியே கட்டாத சரக்கு, நீங்க பத்து ரூபா கொறச்சா அவன் அஞ்சு ரூபா கொறப்பான், அவனுக்கு எடம் இருக்கு. ஆனா ஏத்துற விதம் தப்பு. கொஞ்ச காலம் தொடாம விட்டுட்டு, கஜானா காலியானதும் தடால்னு ஏத்துறது, 2016ல செஞ்ச மாதிரி. வெரிட்டே ரிசர்ச்னு கொழும்புல ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு, அவங்க ரொம்ப வருஷமா சொல்றது, பணவீக்கத்தோட சேத்து ஒரு சூத்திரம் வச்சி ஒழுங்கா ஏத்துங்க, எந்த அரசாங்கம் வந்தாலும் கம்பனிக்கு பேரம் பேச எடம் குடுக்காதீங்கன்னு. எனக்கு அது நியாயமா படுது. கூடவே பீடியையும் மேல தூக்கணும், அக்காவுக்கு கோவம் வந்தாலும் பரவால்ல.

பண்டாரவளை_அக்கா:
எனக்கு என்னாத்துக்கு கோவம் மாஸ்டர், தாராளமா தூக்குங்க. ஆனா தூக்குனா அந்த மனுசன் அடுத்தது மாவாவுக்கு, அதான் வாயில போட்டு மெல்லுற புகையிலைக்கு, போவாரு. அதுதான் இப்ப நம்ம புள்ளைங்க கிட்டயும் வந்திருச்சி, அத யாரும் பேசல. ஸ்கூல் பக்கத்து கடைல சின்ன பொலித்தீன்ல கட்டி, அம்பது நூறுக்கு. பாபுல்னு வர்ற மெல்லுற புகையிலையும் அப்பிடித்தான். அதெல்லாம் 2016லயே தடை பண்ணுனது தானே? தடை பண்ணுனதுக்கு வரியே இல்ல, வெல ஏத்தவும் ஏலாது, இருந்தும் தாராளமா ஓடுது. அப்ப கள்ளச் சரக்கு வரியால தான் வருதுன்னு சொல்றவங்க இதுக்கு என்னா சொல்வீங்க?

நானுஓயா_ரவி:
🔥🔥 இதுக்கு பதில் சொல்லுங்கப்பா

மெல்பன்_மலையகத்தான்:
அக்கா கேட்டது சரியான கேள்வி. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல, மாவா எப்பவுமே கள்ளம், அதுக்கு பக்கத்துல சட்டப்படி விக்கிற சரக்கு இல்ல. சிகரட்டுல வித்தியாசம் தான் லாபம். 40 டாலருக்கும் 15க்கும் நடுவுல இருக்கிற 25 டாலர் தான் இங்க கடைய கொளுத்துது. அந்த இடைவெளி பெருசாக பெருசாக பெரிய ஆளுங்க எறங்குவாங்க, இப்ப உங்க மழக்கோட்டுக்காரன் பாவம் சின்ன ஆள். நாளைக்கு வேற மாதிரி ஆள் வருவான், வேணாம்னு சொன்னா கேக்கமாட்டான். அதுக்குத்தான் பயப்படுறேன்.

மஸ்கெலியா_கடக்காரன்:
பயமுறுத்தாதீங்க தம்பி, எனக்கு பொம்பளப் புள்ள ரெண்டு.

எல்லாரும் சொன்னத வாசிச்சேன். எனக்கு பட்டது, மாஸ்டர் சொல்ற மாதிரி வரிய கொறைக்க சொல்லி நான் கேக்க வேண்டியதில்ல, சிகரட் மேலயே அடையாளம் போடச் சொல்லித்தான் கேக்கணும். சாராயப் போத்தல்ல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க, அதுக்கே கள்ள ஸ்டிக்கர் வந்திச்சி, அதனால பெட்டில ஸ்டிக்கர் ஒட்டுனா எங்க பக்கம் ஒரு பிரயோசனமும் இல்ல. சிகரட்லயே இருந்தா குடிக்கிறவனுக்கே தெரியும், எனக்கும் சொல்லி வாயடைக்க வசதி.

எங்கள மாதிரி கடைக்கு யாராவது வந்தாங்கன்னா 21 வயசு போர்டு தொங்குதான்னு பாப்பாங்க, விளம்பரம் இருக்கான்னு பாப்பாங்க. அத பாக்கணும் தான், வேணாங்கல. என் போர்டு சாமி படத்துக்கு பக்கத்துல தொங்குது, மேல் கடைல போர்டும் இருக்கு கள்ள சிகரட்டும் இருக்கு.

டிக்கோயா_பொடியன்:
மேல் கடக்காரன போட்டு குடுத்துருங்க அண்ணே

மஸ்கெலியா_கடக்காரன்:
லேசா சொல்ற. அவன் என் சம்சாரத்துக்கு சித்தப்பா முறை, திருவிழால ரெண்டு பேரும் ஒண்ணா காவடிக்கு காசு சேக்கணும். சிகரட்டுக்கு போய் சொந்தத்த வெட்ட ஏலாது.

ஒரு_தாதி:
அப்ப பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில மாவா விக்கிறவர்? அவரும் சித்தப்பாவா?

மஸ்கெலியா_கடக்காரன்:
இல்ல தாதியம்மா, எங்க பக்கத்துலயும் ஒருத்தன் விக்கிறான், அவன் எனக்கு ஒண்ணும் இல்ல. வியாழக்கிழம பி.எச்.ஐ ஐயா டெங்குக்கு தண்ணித் தாங்கி பாக்க வருவாரு, கடைல தான் பிளேன்டி குடிப்பாரு. அத அவர் கிட்ட சொல்றேன். பண்டாரவளை அக்காவும் அங்க உள்ளவர் கிட்ட சொல்லுங்க, கடை பேரோட சொன்னா தான் வருவாங்க.

பண்டாரவளை_அக்கா:
சொல்லியாச்சி அண்ணே. வர்றேன்னாரு, இன்னும் வரல. திரும்ப போவேன்.